யாருடைய அலைநீளம்?

"ஓர் எலக்ட்ரானின் டி ப்ராய் அலைநீளம் 1.67 ஆங்ஸ்ட்ராம். அதன் இயக்க ஆற்றலைக் கணக்கிடுக."

இந்தக் கட்டுரையில் நான் விமர்சிக்கப்போகும் பிரதி இவ்வளவுதான். இரண்டே வாக்கியங்கள். எழுதியவர் பெயர் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பிலும் பொறியியல் முதலாண்டிலும் எண் மட்டும் மாறி மாறி வரும். நான் இங்கே 1.67 என்ற எண்ணை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு, அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

கதையையும் கவிதையையும் விமர்சிக்கும் இடத்தில் ஒரு இயற்பியல் கணக்குக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நம்மில் பலர் வாழ்நாளில் மிக அதிகம் வாசித்த இலக்கிய வடிவம் எதுவென்று யோசித்துப் பாருங்கள். சிறுகதை இல்லை, நாவல் நிச்சயமாக இல்லை. பாடக்கணக்குதான். பத்துப் பன்னிரண்டு வருடங்கள், தினமும், கையில் பேனாவோடு, வரிக்கு வரி கவனித்து வாசித்திருக்கிறோம். அப்படியொரு வடிவம் நம்மை எந்த மாதிரி வாசகர்களாக ஆக்கி அனுப்பியது என்பது இலக்கியத்துக்கு வெளியே இருக்கும் கேள்வி என்று எனக்குத் தோன்றவில்லை.

முதலில் கணக்கைப் போட்டுவிடலாம். பிளாங்க் மாறிலியை அலைநீளத்தால் வகுத்தால் உந்தம் கிடைக்கும். 6.626 × 10⁻³⁴ ஜூல் வினாடியை 1.67 × 10⁻¹⁰ மீட்டரால் வகுக்க வருவது 3.968 × 10⁻²⁴ கிலோகிராம் மீட்டர்/வினாடி. அதை வர்க்கப்படுத்தி, எலக்ட்ரானின் நிறையைப் போல இரு மடங்கால், அதாவது 1.822 × 10⁻³⁰ கிலோகிராமால் வகுத்தால் 8.64 × 10⁻¹⁸ ஜூல். ஓர் எலக்ட்ரான் வோல்ட் என்பது 1.602 × 10⁻¹⁹ ஜூல் என்பதால், விடை 54 எலக்ட்ரான் வோல்ட். மாறிலிகளையெல்லாம் முன்கூட்டியே திரட்டி வைத்தால் ஒரே வரியில் முடிந்துவிடும்: 150.4 என்ற எண்ணை, ஆங்ஸ்ட்ராமில் உள்ள அலைநீளத்தின் வர்க்கத்தால் வகு. அவ்வளவுதான். மூணு மார்க். அடுத்த கணக்கு.

அந்த "கணக்கிடுக" என்ற சொல்லைக் கவனியுங்கள். வியங்கோள். வாழ்த்துக்கும் சாபத்துக்கும் தமிழ் வைத்திருக்கும் விகுதி. வாழ்க, ஒழிக, கணக்கிடுக. சொல்பவர் யார், கேட்பவர் யார் என்று அதில் இருக்காது. இந்தப் பிரதியில் எலக்ட்ரான் ஒன்று இருக்கிறது, ஆனால் அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. அலைநீளம் ஒன்று இருக்கிறது, அதை யார் எதை வைத்து அளந்தார்கள் என்று தெரியாது. சிறுகதைப் பட்டறைக்கு இப்படி ஒன்றைக் கொண்டுபோனால் "இடம் எங்கே, காலம் எங்கே" என்று கேட்டு முதல் சுற்றிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

1

1.67-க்கு வருவோம். மானியில் முள் நகர்ந்து காட்டும் அளவில்லை எலக்ட்ரானின் அலைநீளம். ஆகவே "அலைநீளம் 1.67 ஆங்ஸ்ட்ராம்" என்று தொடங்கும் கணக்கு, நடந்த வேலை முழுவதையும் திரைக்குப் பின்னால் தள்ளிவிட்டுத்தான் தொடங்குகிறது.

நடந்தது நியூயார்க்கில். கிளின்டன் டேவிசன் ஒரு தொலைபேசிக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். பின்னாளில் பெல் ஆய்வுக்கூடம் என்று உலகம் முழுக்க அறியப்பட்ட இடம் அது. தொலைபேசித் தொடர்புக்கு வெற்றிடக் குழாய்கள் தேவைப்பட்டன. அவற்றுக்குள் உலோகத்தின்மீது எலக்ட்ரான்கள் மோதும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்பது அவருடைய வேலை. 1925-இன் தொடக்கத்தில் திரவக் காற்று இருந்த குப்பி ஒன்று வெடித்து, சோதனைக் குழாய் உடைந்து, சூடாக இருந்த நிக்கல் துண்டின்மேல் ஆக்ஸைடு படிந்துவிட்டது. டேவிசனும் லெஸ்டர் ஜெர்மரும் அதை வெகுநேரம் சூடாக்கிச் சுத்தம் செய்தார்கள். அந்தச் சூட்டில், சிறுசிறு படிகங்களின் கூட்டமாக இருந்த நிக்கல் சில பெரிய படிகங்களாக மாறிப்போனது. மறுபடி எலக்ட்ரான்களைச் செலுத்தியபோது சிதறல் வரைபடம் முன்பு பார்த்ததுபோல் இல்லை.

மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கு இந்த நிலைமை ரொம்பப் பழக்கம். கோடை மாற்றவில்லை, சர்வரை மட்டும் திருப்பி நிறுவினோம், அவுட்புட் வேறு மாதிரி வருகிறது. பெரும்பாலும் நாம் பழையபடி வரவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். இவர்கள் போகவில்லை. ஒற்றைப் படிகமாகவே ஒரு நிக்கல் துண்டைத் தயார் செய்து அளக்கத் தொடங்கினார்கள். என்ன அளக்கிறோம் என்பது மட்டும் இன்னும் தெரியாது.

1926 கோடையில் டேவிசன் விடுமுறையில் இங்கிலாந்து போனார். ஆக்ஸ்போர்டில் நடந்த பிரிட்டிஷ் அசோசியேஷன் கூட்டத்தில் மாக்ஸ் போர்ன் பேசிக்கொண்டிருந்தார். டி ப்ராய் சொன்ன பொருள் அலைகளுக்குச் சான்றாக அவர் சுட்டியது டேவிசன் சில ஆண்டுகளுக்கு முன் வெளியிட்டிருந்த வரைபடங்களையே. தன்னுடைய வரைபடத்துக்கு என்ன அர்த்தம் என்பதை ஒருவர் அடுத்தவர் வாயிலிருந்து, அதுவும் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்கிறார். ஊர் திரும்பியதும் தேடலின் திசையே மாறியது. 1927-இன் தொடக்கத்தில் தேடியது கிடைத்தது. 54 வோல்ட் மின்னழுத்தத்தில் முடுக்கிய எலக்ட்ரான்கள், நிக்கல் படிகத்தின் மேற்பரப்பில் செங்குத்தாக விழுந்து, 50 பாகைக் கோணத்தில் சட்டென்று அதிகமாகத் தெறித்தன.

இப்போது எண்களைப் பாருங்கள். நிக்கலின் அந்த மேற்பரப்பில் அணு வரிசைகளுக்கு இடையே உள்ள தூரம் 2.15 ஆங்ஸ்ட்ராம். இதை எக்ஸ் கதிர் ஆய்வுகள் ஏற்கெனவே சொல்லியிருந்தன. 2.15-ஐ 50 பாகையின் சைன் மதிப்பால் பெருக்கினால் அலைநீளம் 1.65 ஆங்ஸ்ட்ராம். 54 வோல்ட் எலக்ட்ரானுக்கு டி ப்ராயின் உறவு சொல்லும் அலைநீளம் 1.67 ஆங்ஸ்ட்ராம். முதல் எண் படிகத்திலிருந்து வருகிறது, இரண்டாவது மின்கலத்திலிருந்து. ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தையே இல்லாத இரண்டு பாதைகள் ஏறக்குறைய ஒரே வாசலுக்கு வந்து நிற்கின்றன.

1.67-ஐ நான் எடுத்த காரணம் இதுதான். அந்த எண்ணை யாரும் அளக்கவில்லை. அது 54-இலிருந்து கணக்கிட்டு வந்தது. அதைக் கொடுத்து "ஆற்றல் என்ன" என்று கேட்டால் 54 வராமல் வேறென்ன வரும்? கணக்கு தன் வாலைத் தானே கடித்துக்கொள்கிறது. அளந்த எண்ணான 1.65-ஐ வைத்துப் போட்டுப் பாருங்கள். 150.4-ஐ 1.65-இன் வர்க்கத்தால் வகுத்தால் 55.2 எலக்ட்ரான் வோல்ட். அலைநீளத்தில் ஒரு சதவீதம் தள்ளிப்போனால், வர்க்கம் இருப்பதால் ஆற்றலில் இரண்டு சதவீதம் தள்ளிப்போகும். சரியாக 54 வர வேண்டுமென்றால் கோணம் 51 பாகைக்குக் கிட்டத்தட்ட இருந்திருக்க வேண்டும். முழு நோபல் பரிசும் அந்த ஒரு பாகைக்குள் அடங்கிய சமரசம். பாடக்கணக்கு அந்த ஒரு பாகையைத் துடைத்து எடுத்துவிட்டு, பளபளப்பான எண்ணை மட்டும் நம் கையில் தருகிறது.

2

அடுத்த விடுபடல் இன்னும் ஆழமானது. விடுதியில் இந்தக் கணக்கைச் சேர்ந்து போட்டவர்களில் சிலர், பிளாங்க் மாறிலியை ஒளியின் வேகத்தால் பெருக்கி அலைநீளத்தால் வகுப்பார்கள். ஃபோட்டானுக்கு அப்படித்தான் போட்டோம், அலைநீளம் என்றால் அலைநீளம்தானே, என்ன தப்பு? அவர்களுக்கு விடை ஏறத்தாழ 7,400 எலக்ட்ரான் வோல்ட் வரும். சரியான விடையைப் போல 137 மடங்கு. "ஃபார்முலா தப்பு" என்று சிவப்பு மையில் அடித்துவிடுவார்கள். ஏன் தப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். உண்மையில் இந்தத் தவறுதான் கணக்கின் மையத்தைத் தொடுகிறது. அதைச் செய்தவன், செய்யாமல் மனப்பாடச் சூத்திரத்தைப் போட்டவனைவிட நல்ல கேள்விக்குப் பக்கத்தில் நிற்கிறான்.

அலைநீளம் நமக்குச் சொல்வது உந்தத்தை மட்டும்தான். ஆற்றலை அது சொல்வதே இல்லை. பிளாங்க் மாறிலியை அலைநீளத்தால் வகுத்தால் உந்தம் என்பது ஒளிக்கும் பொருந்தும், எலக்ட்ரானுக்கும் பொருந்தும். அதுவரை வழி ஒன்றுதான். உந்தத்திலிருந்து ஆற்றலுக்குப் போகும் இடத்தில் வழி பிரிகிறது. அங்கே நின்று "நீ யார், உன் நிறை என்ன" என்று கேட்டாக வேண்டும். நிறையில்லாத ஒளிக்கு உந்தத்தை ஒளிவேகத்தால் பெருக்கினால் ஆற்றல். மெதுவாகப் போகும் நிறையுள்ள துகளுக்கு உந்தத்தின் வர்க்கத்தை நிறையின் இரு மடங்கால் வகுத்தால் இயக்க ஆற்றல்.

அதே 1.67 ஆங்ஸ்ட்ராமை மூன்று பேரிடம் கொடுத்துப் பாருங்கள். ஃபோட்டானிடம் இருந்தால் 7,400 எலக்ட்ரான் வோல்ட், அது எக்ஸ் கதிர். எலக்ட்ரானிடம் இருந்தால் 54. எலக்ட்ரானைப் போலச் சுமார் 1,839 மடங்கு நிறையுள்ள நியூட்ரானிடம் இருந்தால் 0.029. அறை வெப்பநிலையில் சும்மா அலையும் நியூட்ரானிடம் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய அதுதான். மூன்றையும் வைத்துப் படிகங்களின் உள்ளமைப்பைப் பார்க்கிறார்கள். அணுக்களுக்கு இடையிலான தூரத்தோடு ஒத்துப்போகும் அதே அளவுகோல், ஆனால் அதைப் பிடித்திருக்கும் கையின் பலம் லட்சக்கணக்கான மடங்கு வேறுபடுகிறது. "அலைநீளம் இவ்வளவு, ஆற்றல் எவ்வளவு" என்ற கேள்விக்குள் ஒளிந்திருக்கும் உண்மையான கேள்வி, "யாருடைய அலைநீளம்" என்பது. பிரதியில் "ஓர் எலக்ட்ரானின்" என்று ஒரு சொல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அடைமொழி மாதிரி ஓரமாக நிற்கிறது. அதுதான் கதாநாயகன் என்று வாசகனுக்குத் தெரியாதபடி நிற்கிறது.

லூயி டி ப்ராய் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த விதம் பாடக்கணக்குக்கு நேர் எதிரானது. அவர் முதலில் படித்தது வரலாறு. முதல் உலகப் போரின்போது ஈஃபில் கோபுரத்தில் இருந்த வானொலி நிலையத்தில் பணியாற்றியவர். அண்ணன் மொரீஸ் எக்ஸ் கதிர்களை ஆராய்ந்தவர். 1924 நவம்பரில் பாரிஸில் அவர் முன்வைத்த ஆய்வேட்டின் முதல் அடி ஓர் அடையாளப்படுத்தல். ஐன்ஸ்டைன் ஆற்றலை நிறையோடு இணைத்திருந்தார், பிளாங்க் ஆற்றலை அதிர்வெண்ணோடு இணைத்திருந்தார். அப்படியானால் நிறையுள்ள எதற்கும் உள்ளே ஓர் அதிர்வு இருந்தாக வேண்டும் அல்லவா? அந்தக் கேள்வியிலிருந்து பக்கம் பக்கமாக நடந்துதான் அலைநீளம் வருகிறது. தேர்வுக் குழுவில் இருந்த ழான் பெரான், இந்த அலைகளைச் சோதனையில் பார்க்க முடியுமா என்று கேட்டதாகவும், படிகத்தின்மீது எலக்ட்ரான்களைச் செலுத்தினால் பார்க்கலாம் என்று டி ப்ராய் பதில் சொன்னதாகவும் வரலாறு. மூன்று வருடத்தில் நியூயார்க்கில் அது நடந்தது, அதுவும் வேறு வேலையாகப் போனவர்கள் கையில்.

வெகுஜன அறிவியல் எழுத்து இதற்கு மறுபக்கத்தில் விழுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பாடக்கணக்கில் கதை இல்லை என்றால், அந்தக் கட்டுரைகளில் கணக்கு இல்லை. "அப்பா ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைத் துகள் என்று காட்டினார், மகன் ஜி. பி. தாம்சன் அதையே அலை என்று காட்டினார், இருவருக்கும் நோபல்" என்று ஒரு வாக்கியம் எல்லாக் கட்டுரையிலும் வரும். கைதட்டல் நிச்சயம். ஆனால் மகன் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் செய்ததைக் கொஞ்சம் நிதானமாக வாசித்தால் அந்தப் பஞ்ச் டயலாக் நிற்காது. பத்தாயிரக் கணக்கான வோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரான்களை மிக மெல்லிய படலங்கள் வழியாக அனுப்பினார். பின்னால் வளையம் வளையமாகப் பதிந்தது. அது எலக்ட்ரான் உண்டாக்கிய வளையம்தானா, அல்லது வழியில் கிளம்பிய எக்ஸ் கதிரின் வேலையா என்ற சந்தேகம் வந்தது. காந்தப் புலத்தை வைத்தார். வளையங்கள் அப்படியே நகர்ந்தன. எக்ஸ் கதிர் காந்தத்துக்கு வளையாது. அலையாக வந்து வளையம் போட்டது எதுவோ, அதுவே மின்னூட்டம் உள்ள துகளைப்போலக் காந்தத்துக்கும் வளைந்துகொடுத்தது. காந்தத்தால் வளைத்துப் பார்ப்பது அப்பாவின் உத்தி. மகனின் சோதனை அப்பாவை மறுக்கவில்லை. அப்பாவின் எலக்ட்ரானை வைத்துக்கொண்டுதான் அலையைக் காட்டியது.

3

மூன்றாவது விடுபடல், சூத்திரத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பது. உந்தத்தின் வர்க்கத்தை நிறையின் இரு மடங்கால் வகுப்பது எலக்ட்ரான் மெதுவாகப் போகும்வரை செல்லும். 54 எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரானின் வேகம் வினாடிக்கு 4,360 கிலோமீட்டர். நமக்கு அது பயங்கரம். ஒளிவேகத்தில் ஒன்றரைச் சதவீதம்கூட இல்லை. பிரச்சினையில்லை.

கணக்கில் எண் மட்டும் மாறும் என்றேன் அல்லவா, மாற்றிப் பார்ப்போம். அலைநீளம் 0.0418 ஆங்ஸ்ட்ராம். பள்ளிச் சூத்திரம் 86 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்கிறது. சார்பியல் வழியில், உந்தத்தை ஒளிவேகத்தால் பெருக்கினால் 296.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட். எலக்ட்ரானின் ஓய்வு ஆற்றல் 511. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்து, 511-ஐக் கழித்தால் 80. ஆறு கிலோ எலக்ட்ரான் வோல்ட்தானே வித்தியாசம், ரவுண்ட் பண்ணிவிட்டால் போச்சு என்று தோன்றும்.

கிராஃபீனை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பவர்களிடம் அப்படிச் சொல்லிவிட முடியாது. ஒற்றை அணுத் தடிமனுள்ள கார்பன் தாள் அது. வந்து மோதும் எலக்ட்ரானின் ஆற்றல் ஓர் அளவைத் தாண்டினால் கார்பன் அணு தன் இடத்திலிருந்து தெறித்துப்போகும். அந்த எல்லை சுமார் 86 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வாக்கில் இருக்கிறது. அதனால்தான் கிராஃபீனை 80 அல்லது 60 கிலோவோல்ட்டில் வைத்துப் பார்க்கிறார்கள். ஆக, ஒரே அலைநீளத்துக்கு ஒரு சூத்திரம் "தாள் தாங்கும்" என்கிறது, இன்னொன்று "விளிம்பில் நிற்கிறாய், கிழியலாம்" என்கிறது. கணக்குக்குள் பங்கு என்று ஒன்று வந்துவிட்டது. பார்ப்பதற்காக அனுப்பும் எலக்ட்ரான் பார்க்கப்படுவதையே உடைக்கக்கூடும். அலைநீளம் எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு வைக்கிறது. இயக்க ஆற்றல் அந்தப் பார்வைக்கு நாம் கொடுக்கும் விலை. இந்த இரண்டையும் இணைக்கும் கணக்கை ஒரு விலைப்பட்டியல்போல வாசிக்க வேண்டும் என்று எந்தப் பயிற்சிப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. புரதங்களைப் பார்க்கப் பயன்படும் 300 கிலோவோல்ட் நுண்ணோக்கிகளுக்கு வந்தால் பள்ளிச் சூத்திரம் முற்றிலும் கைவிட்டுவிடும். 0.0197 ஆங்ஸ்ட்ராமுக்கு அது 387 என்று சொல்லும்.

இந்த நுண்ணோக்கியின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு பகுதி இருக்கிறது. எர்ன்ஸ்ட் ருஸ்கா பெர்லினில் மின்பொறியியல் படித்தவர். மாக்ஸ் க்னோலோடு சேர்ந்து 1931-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் முதல் வடிவத்தைக் கட்டியவர். எலக்ட்ரானைத் துகளாகவே நினைத்துக் கட்டினார். ஒளி அலை என்பதால்தான் ஒளி நுண்ணோக்கிக்கு ஒரு வரம்பு, துகளுக்கு அந்தத் தொல்லை இல்லை என்ற நம்பிக்கை. பிறகுதான் டி ப்ராயின் அலைகளைப் பற்றிக் கேள்விப்படுகிறார். 1986-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் அந்த நேரத்து ஏமாற்றத்தை நினைவுகூர்கிறார். இங்கேயும் அலையா, இங்கேயும் வரம்பா! உட்கார்ந்து கணக்குப் போடுகிறார். அந்த அலைநீளம் ஒளியினுடையதைவிட ஏறக்குறைய லட்சம் மடங்கு சிறியது என்று தெரிந்ததும் நிம்மதி.

நாம் போட்ட அதே கணக்குதான், திசை மட்டும் வேறு. ஆனால் அவர் போடும்போது விடைக்காக ஒரு மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். எண் பெரிதாக வந்திருந்தால் சில வருட உழைப்பு வீண். ஒரு கணக்கு உயிரோடு இருக்கிறதா என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே சோதனை இது. விடை வேறாக வந்திருந்தால் யாருக்காவது ஏதாவது மாறியிருக்குமா?

4

நான்காவது விஷயம் கொஞ்சம் விஷமமானது, ஏனென்றால் இங்கே விடை சரியாகவே வருகிறது.

ஹைட்ரஜன் அணுவை எடுத்துக்கொள்வோம். போர் மாதிரியில் முதல் வட்டப்பாதையின் ஆரம் 0.529 ஆங்ஸ்ட்ராம், சுற்றளவு 3.325 ஆங்ஸ்ட்ராம். சுற்றளவுக்குள் ஒரே ஒரு முழு அலை பொருந்த வேண்டும் என்பது டி ப்ராய் கொடுத்த அழகான விளக்கம். ஆக அலைநீளம் 3.325. இயக்க ஆற்றல்? 150.4-ஐ 3.325-இன் வர்க்கத்தால் வகுத்தால் 13.6 எலக்ட்ரான் வோல்ட். ஹைட்ரஜனிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கத் தேவையான ஆற்றலின் அளவும் 13.6. முதல் முறை இந்த எண் வந்து உட்காரும்போது மயிர்க்கூச்செறியும்.

ஆனால் குவாண்டம் இயக்கவியல் 1926-லேயே இந்தப் படத்தைக் கைவிட்டுவிட்டது. ஹைட்ரஜனின் தாழ்நிலையில் எலக்ட்ரான் வட்டமாகச் சுற்றவில்லை, அதற்குக் கோண உந்தமே இல்லை. தனியாக ஓர் அலைநீளம் என்று சொல்லவும் முடியாது, பல உந்தங்களின் கலவையாக இருக்கிறது. அதன் இயக்க ஆற்றலின் சராசரி 13.6 என்பது மட்டும் உண்மை. எண் மிஞ்சியது, அதைச் சொன்ன கதை போய்விட்டது. வெட்டவெளியில் ஒரே வேகத்தில் போகும் எலக்ட்ரானுக்குத்தான் "அதன் அலைநீளம்" என்று ஒருமையில் பேசலாம். பாடக்கணக்கு இந்த நிபந்தனையைச் சொல்வதில்லை. ஆகவே சரியான விடையும் சரியான புரிதலும் ஒன்றுதான் என்ற எண்ணம் நமக்குள் படிந்துவிடுகிறது. புனைவை வாசிக்கும்போது நாம் இப்படி ஏமாறுவதில்லை. முடிவு சரியாக இருந்தும் கதை பொய்யாக இருக்கலாம் என்று அங்கே நமக்குத் தெரியும்.

5

பாடக்கணக்கின் பக்கத்திலிருந்தும் பேச வேண்டும், இல்லாவிட்டால் விமர்சனம் வசவாகிவிடும்.

அதில் ஆள் இல்லை, ஊர் இல்லை என்று குறை சொன்னேன். அந்த இன்மையில் ஒரு பெருந்தன்மையும் இருக்கிறது. டி ப்ராய் பிரபு குடும்பத்தவர். டேவிசனுக்கு ஒரு பெரிய கம்பெனியின் ஆய்வுக்கூடம் இருந்தது. 54 என்ற விடைக்கு வந்து சேர இவர்கள் யாரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிரெஞ்சு தெரிய வேண்டாம், ஆங்கிலம்கூட வேண்டாம். அலைநீளம், உந்தம், இயக்க ஆற்றல் என்று மூன்று தமிழ்ச் சொற்களும் ஒரு மடக்கை அட்டவணையும் போதும். உந்தம் என்பது எவ்வளவு நல்ல சொல் என்று வேலைக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். உந்துவது அதற்குள்ளேயே இருக்கிறது. பின்னணி கேட்காமல், சிபாரிசு கேட்காமல், யார் போட்டாலும் அதே விடையைத் தரும் வடிவம் நம் சூழலில் அப்படியொன்றும் மலிவானதில்லை. வீட்டில் ஒரு புத்தகமும் இல்லாத பிள்ளை, வீடு நிறையப் புத்தகம் உள்ள பிள்ளையோடு சமமாக நிற்கக்கூடிய சில இடங்களில் இது ஒன்று. கதையை உள்ளே கொண்டுவருகிறேன் என்று அந்தச் சமத்துவத்தைக் கெடுத்துவிடக் கூடாது.

ஆகவே என் கோரிக்கை கணக்கை எடுத்துவிட்டுக் கதை வையுங்கள் என்பதில்லை. பிரபுவைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி, வெடித்த குப்பியின் படம், இதெல்லாம் பக்கத்தை நிரப்பும், வாசிப்பை மாற்றாது. கேள்விக்குள்ளேயே கேள்வியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சொற்சிக்கனமும் இருக்க வேண்டும், சிக்கலும் இருக்க வேண்டும். முடியாத காரியம் இல்லை. எண்களெல்லாம் 1927-லிருந்து இருக்கின்றன. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"ஒரு நிக்கல் படிகத்தின் மேற்பரப்பில் அணு வரிசைகளுக்கு இடையே 2.15 ஆங்ஸ்ட்ராம் இடைவெளி. அதன்மேல் செங்குத்தாக விழும் எலக்ட்ரான்கள் 50 பாகையில் அதிகமாகச் சிதறுகின்றன. (அ) அவற்றின் அலைநீளம் என்ன? (ஆ) அதிலிருந்து அவற்றின் இயக்க ஆற்றலைக் கண்டுபிடியுங்கள். நீங்கள் பயன்படுத்திய சூத்திரம் இங்கே செல்லும் என்று எப்படித் தெரியும்? (இ) அவற்றை முடுக்கிய மின்னழுத்தம் 54 வோல்ட். உங்கள் விடை 54-ஆக இல்லாததற்கு என்ன காரணம் சொல்வீர்கள்? (ஈ) இதே கோணத்தில் சிதறியது எலக்ட்ரானா எக்ஸ் கதிரா என்று ஒருவர் சந்தேகப்படுகிறார். அவருக்கு என்ன செய்து காட்டுவீர்கள்?"

நான்காவது கேள்விக்குக் கால்குலேட்டர் உதவாது. மூன்று மார்க்கும் பத்தாது.